அப்பிரதட்சிணமாகச் சுற்றும் எலக்ட்ரான்கள்

ஒரு காந்த ஊசியை நடுவில் நூல் கட்டி, எந்தப் பக்கமும் தடையில்லாமல் தொங்கவிட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் திசைகாட்டி இதற்கு உதவாது. அதில் ஊசி படுக்கைவாட்டில் மட்டும்தான் சுழலும். தொங்கும் ஊசியோ வடக்கு தெற்கைக் காட்டுவதோடு, பூமியின் காந்தப்புலம் அந்த இடத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் காட்டிவிடும். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்து வாசலில் நின்று இதைச் செய்தால் ஊசியின் வடமுனை பத்து டிகிரிகூடக் குனியாது. ஏறக்குறைய படுத்தேதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் போனால் அந்தச் சொற்பச் சாய்வும் மறைந்துவிடும். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போவதே காரணம். நார்வேயின் வடகோடியிலோ கனடாவின் வடக்கிலோ அதே ஊசி கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும்.

ஊசி சாய்ந்தால் என்ன, சாயாவிட்டால் என்ன என்று தோன்றலாம். நார்வேயில் தரையிலிருந்து கிளம்பும் காந்தக் கோடு பல்லாயிரம் கிலோமீட்டர் விண்வெளிக்குள் போய், பெரிய வில்லாக வளைந்து, பூமியின் மறுபாதியில் தெற்கே வெகுதூரம் தள்ளி இறங்குகிறது. ஆசிரமத்து வாசலில் கிளம்பும் கோடு சில பத்துக் கிலோமீட்டர் மட்டும் உயர்ந்து, குமரிமுனைக்குத் தெற்கே கடலில் இறங்கிவிடுகிறது. விண்வெளியை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. பூமியைச் சுற்றியுள்ள வெளியில் தாமாகவே எழும் மின்காந்த அலைகள் சில, இந்தக் கோடுகளை ஒட்டியே ஓடும் சுபாவம் கொண்டவை. அதனால் வடகோடி நாடுகளில் நீளமான ஒரு கம்பியும் ஒலிபெருக்கியும் இருந்தால் அவற்றில் சிலவற்றைத் தரையிலிருந்தே கேட்கலாம். நம் ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்கும் கிடைப்பது கொஞ்சம்தான். பெரும்பாலான அலைகள் தரைக்கு வருவதே கிடையாது. அலை பிறக்கும் இடத்துக்கே கருவியை அனுப்பித்தான் கேட்டாக வேண்டும்.

அந்த வெளியில் அலையடிக்க என்ன இருக்கிறது? காற்று மண்டலத்தின் உச்சியில் உள்ள அணுக்கள், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு எலக்ட்ரான்களை இழக்கின்றன. விடுபட்ட எலக்ட்ரான்களும், அவற்றைப் பறிகொடுத்த அயனிகளும் கலந்து கிடக்கும் வாயுதான் பிளாஸ்மா. வீட்டு டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். சூரியனும் தன் பங்குக்கு நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் பிளாஸ்மாவை எல்லாத் திசைகளிலும் வீசிக்கொண்டே இருக்கிறது. இதைச் சூரியக் காற்று என்கிறோம். பகல் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் அந்தக் காற்றைச் சராசரியாக 65,000 கிலோமீட்டர் தொலைவிலேயே தடுத்து ஒதுக்கிவிடுகிறது. இரவுப் பக்கத்தில் நிலவின் பாதையையும் தாண்டி வால்போல் நீள்கிறது. இப்படிப் பூமியின் காந்தப்புலம் தன் ஆளுகையில் வைத்திருக்கும் வெளிக்குக் காந்தமண்டலம் என்று பெயர். புதன், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய கோள்களுக்கும் இது உண்டு.

இங்கே பிளாஸ்மா மிக மிக மெல்லியது. காந்தமண்டலத்தின் வெளிப்பகுதிகளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒருசில எலக்ட்ரான்கள் இருந்தால் அதிகம். நாம் பேசும் ஒலி காற்றில் பரவுவது ஒரு மூலக்கூறு அடுத்த மூலக்கூறை இடிப்பதால். அங்கே ஒரு துகள் இன்னொன்றை இடிப்பது அநேகமாக நடக்காத காரியம். ஆனால் எல்லாம் மின்னேற்றம் பெற்ற துகள்கள் என்பதால் தொடாமலே தள்ளவும் இழுக்கவும் முடிகிறது. ஓரிடத்தில் எலக்ட்ரான்கள் சற்று விலகினால் மின்புலம் எழுகிறது, அது அவற்றைத் திரும்ப இழுக்கிறது, வந்த வேகத்தில் அவை மறுபக்கம் தாண்டிப் போகின்றன, மீண்டும் இழுபடுகின்றன. மோதலே இல்லாத அந்த வெளியில் ஒரு துகள் கூட்டத்திடமிருந்து இன்னொன்றுக்கு ஆற்றலைக் கொண்டுசேர்க்கும் வேலையை இத்தகைய அலைகள்தான் செய்கின்றன. எது சூடேறுகிறது, எது வேகம் பிடிக்கிறது, எது காற்று மண்டலத்துக்குள் கொட்டுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அலைகளிடம் இருக்கிறது. விண்கலங்களில் இதற்கெனத் தனிக் கருவி வைப்பது இதனால்தான்.

மேலே சொன்ன ஊசலாட்டத்தில் ஒரு வசதி உண்டு. அதன் அதிர்வெண் எலக்ட்ரான்களின் அடர்த்தியை மட்டுமே பொறுத்தது. கன சென்டிமீட்டருக்கு ஒரு எலக்ட்ரான் என்றால் ஏறக்குறைய 9 கிலோஹெர்ட்ஸ். நூறு என்றால் 90 கிலோஹெர்ட்ஸ். அதிர்வெண் தெரிந்தால் அடர்த்தி தெரிந்துவிடும்; எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. வாயேஜர் 1 விண்கலத்தின் கதை இதற்கு நல்ல சான்று. துகள்களை அளக்கும் அதன் பிளாஸ்மா கருவி 1980லேயே செயலிழந்துவிட்டது. 2013இல் அதன் ஆன்டெனா சுமார் 2.6 கிலோஹெர்ட்ஸ் ஊசலாட்டத்தைப் பதிவு செய்தது. கணக்குப் போட்டால் கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான். சூரியக் காற்றின் எல்லைக்குள் அந்தத் தொலைவில் இவ்வளவு அடர்த்தி இருக்க வழியில்லை. கலம் 2012 ஆகஸ்டிலேயே விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குப் போய்விட்டது என்று அறிவிக்க இந்த அலைதான் கைகொடுத்தது.

பிளாஸ்மா வழியே ஓடும் அலைகளை மனிதர்கள் முதலில் கேட்டது விண்வெளியில் அல்ல, தரையில். முதல் உலகப் போரின்போது எதிரிகளின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பதற்காக ஜெர்மன் படையினர் தரையில் கம்பிகளைப் பதித்துப் பெருக்கியில் இணைத்தார்கள். பேச்சுக்கு நடுவே உச்சத்தில் தொடங்கிக் கீழே வழுக்கி இறங்கும் விசில் கேட்டது. குண்டு பறக்கும் ஓசை என்று வீரர்கள் நினைத்தார்களாம். ஹைன்ரிஷ் பார்க்ஹவுசன் என்ற இயற்பியலாளர் இதைப் பற்றி 1919இல் எழுதினார். காரணம் விளங்க இன்னும் 34 ஆண்டுகள் ஆயின. 1953இல் கேம்பிரிட்ஜில் ஓவன் ஸ்டோரி என்ற ஆய்வு மாணவர் விளக்கம் சொன்னார்: மின்னல் ஒன்று வெட்டும்போது எல்லா அதிர்வெண்களும் ஒரே கணத்தில் கிளம்புகின்றன. அவற்றில் ஒரு பகுதி காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பல்லாயிரம் கிலோமீட்டர் பிளாஸ்மா வழியே மறுகோடிக்கு ஓடுகிறது. பிளாஸ்மாவுக்குள் உயர்ந்த அதிர்வெண் வேகமாகவும் தாழ்ந்தது மெதுவாகவும் போகும். அதனால் ஒரே வெடிப்பாகப் புறப்பட்டது, போய்ச்சேரும்போது நீண்டு இறங்கும் விசிலாக ஆகிவிடுகிறது. எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தால் வழியில் எவ்வளவு எலக்ட்ரான் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு செயற்கைக்கோள்கூட மேலே போகாத காலத்தில், வெறும் கம்பியை வைத்துக்கொண்டு, பூமியின் பிளாஸ்மா அதுவரை நினைத்ததைவிட வெகுதூரம் பரவியிருக்கிறது என்று கண்டுபிடித்தார் அந்த மாணவர். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

இந்தியாவிலும் இந்த விசில்களைப் பதிவு செய்கிறார்கள். வாரணாசி, நைனிடால், அலகாபாத் ஆகிய இடங்களில் தானியங்கிக் கருவிகள் உள்ளன. எல்லாம் வடக்கே என்பதைக் கவனியுங்கள். அங்கே காந்தக் கோடு ஓரளவாவது விண்வெளிக்குள் ஏறி இறங்குகிறது.

இனி விண்கலம். அலையின் மின்பகுதியைப் பிடிக்க நீளமான கம்பி ஆன்டெனாவும், காந்தப்பகுதியைப் பிடிக்கக் கம்பிச் சுருளும் வேண்டும். நாசா 2012 ஆகஸ்ட் 30 அன்று ஏவிய வான் ஆலன் இரட்டைக் கலங்கள் ஒவ்வொன்றும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஐம்பது ஐம்பது மீட்டர் கம்பியை நீட்டிக்கொண்டு சுழன்றன. முனைக்கு முனை 100 மீட்டர். கலத்தின் உடல் சின்னது, கம்பி மட்டும் இவ்வளவு நீளம். தேடும் சமிக்ஞை அவ்வளவு பலவீனமானது. கலத்தின் சூரியத் தகடுகள், மோட்டார்கள், கணினி எல்லாம் தங்கள் பங்குக்கு மின்னிரைச்சல் போட்டுக்கொண்டே இருக்கும். உணர்கருவிகளை உடலிலிருந்து தள்ளி, நீண்ட கைகளின் நுனியில் வைப்பதும் அதற்காகத்தான். கலத்தைக் கட்டும்போதே ஒவ்வொரு பாகமும் எவ்வளவு மின்காந்த இரைச்சல் எழுப்புகிறது என்று சோதித்துக் கட்டுப்படுத்த வேண்டும். தலைப்புச் செய்தியில் இடம்பெறாத வேலை. ஆனால் இதில் கோட்டைவிட்டால் கலம் கடைசிவரை தன் குரலையே கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு தொல்லை, கிடைத்ததைப் பூமிக்கு அனுப்புவது. அலையின் வடிவத்தைப் பிசகாமல் பதிய நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்க வேண்டும். அவ்வளவையும் இடைவிடாமல் அனுப்ப எந்தக் கலத்தாலும் முடியாது. அதனால் சாதாரண நேரத்தில் சுருக்கமான கணக்கையும், முக்கியமான சில கணங்களுக்கு மட்டும் முழு வடிவத்தையும் வைத்துக்கொள்கிறார்கள். எது முக்கியம் என்பதைப் பெரும்பாலும் கருவியே முடிவு செய்துவிடும். 2015இல் ஏவப்பட்ட எம்எம்எஸ் என்ற நான்கு கலங்களின் விஷயத்தில் மட்டும் அந்த வேலைக்கு மனிதர்களையே வைத்தார்கள்; விஞ்ஞானிகள் முறைபோட்டு, வந்த சுருக்கத்தைப் பார்த்து, எந்த நேரத்துத் தரவை முழுதாக இறக்குவது என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

வந்து சேர்வது எண்கள்தான். ஆனால் இந்த அலைகளில் பலவற்றின் அதிர்வெண் சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ். நம் காது கேட்கும் எல்லைக்குள்தான் அது வருகிறது. எனவே அந்த எண்களை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் அப்படியே கேட்கலாம். விண்வெளியில் ஒலி கிடையாது என்பது சரிதான். நாம் கேட்பது மின்காந்த ஊசலாட்டத்தை ஒலியாக மாற்றியதை. வான் ஆலன் கலங்கள் பதிந்த இத்தகைய ஒலித்துண்டு ஒன்றை நாசா 2012இல் வெளியிட்டது. கண்ணை மூடிக் கேட்டால் விடியற்காலைத் தோப்பு ஒன்றில் நூற்றுக்கணக்கான குருவிகள் ஒரே நேரத்தில் கீச்சிடுவதாகவே தோன்றும். ஒவ்வொரு கீச்சும் ஒரு நொடிக்கும் குறைவு. தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலே ஏறும். ஆசிரமத்து மயில்கள் அகவி எழுப்பும் அதே வைகறையில்தான் இவையும் அதிகம் எழுகின்றன. இந்தக் கடைசிச் செய்தி தற்செயல் போலத் தோன்றும். உண்மையில் அதற்குத் திட்டவட்டமான காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எலக்ட்ரான்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று பார்க்க வேண்டும்.

கிரிவலப் பாதையில் அங்கப்பிரதட்சிணம் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு தன்னைத்தானே உருட்டிக்கொண்டே மலையையும் சுற்றுகிறது. காந்தமண்டலத்தில் சிறைப்பட்ட எலக்ட்ரானும் இப்படித்தான்: காந்தக் கோட்டைச் சுற்றி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை உருளும், உருண்டுகொண்டே கோட்டின் வழியாக வடக்கே ஓடி, புலம் வலுக்கும் இடத்தில் தடுக்கப்பட்டுத் தெற்கே திரும்பும், மறுபடி வடக்கே வரும், இந்த ஓட்டத்துக்கு ஒரு நொடிகூட ஆகாது. இதற்கிடையே மெல்ல நகர்ந்து நகர்ந்து பூமியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள துகளுக்கு இந்தப் பெரிய சுற்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒரே வித்தியாசம், மலையை நாம் வலமாகச் சுற்றுவோம். வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் புரோட்டான்களும் பூமியை வலமாகத்தான் சுற்றுகின்றன. எலக்ட்ரான்கள் மட்டும் அப்பிரதட்சிணம். மேற்கிலிருந்து கிழக்காகப் போகின்றன.

வைகறைக்கான காரணம் இந்தத் திசையில் இருக்கிறது. சூரியக் காற்று பலமாக வீசும் நாட்களில் காந்தமண்டலத்தின் வால் திரிந்து அறுபட்டு ஒட்டும். அப்போது அங்கிருந்த எலக்ட்ரான்கள் பூமியின் நள்ளிரவுப் பக்கம் நோக்கி வீசி எறியப்படுகின்றன. வந்தவை கிழக்கே நகர வேண்டும். நள்ளிரவுக்குக் கிழக்கே இருப்பது விடியல். புதிதாக வந்த அந்தக் கூட்டம் நிலைகொள்ளாத கூட்டம். காந்தக் கோட்டின் வழியே ஓடும் வேகத்தைவிட அதைச் சுற்றி உருளும் வேகம் அதற்கு அதிகம். அந்த மிகுதியை அலையாகக் கொட்டித்தான் அது அடங்குகிறது. விடியல் பக்கத்தில் கீச்சுகள் மிகுந்திருப்பது அதனால்தான். அமெரிக்காவின் ஓஜிஓ 5 செயற்கைக்கோள் தரவை வைத்து புரூஸ் சுருடானி, எட்வர்ட் ஸ்மித் இருவரும் 1974இல் இதை எழுதினார்கள். அந்தச் சுருடானி பிற்பாடு இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஜி.எஸ். லகினாவோடு சேர்ந்து நெடுங்காலம் உழைத்தார். அலையும் துகளும் ஒன்றோடொன்று எப்படிக் கொடுத்து வாங்குகின்றன என்பதற்கு அவர்கள் 1997இல் வெளியிட்ட கட்டுரையை இத்துறைக்கு வரும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

கொடுக்கல் வாங்கலின் சூட்சுமம் எளிது. எலக்ட்ரான் உருளும் வேகமும், ஓடிவரும் எலக்ட்ரானின் பார்வையில் அலை சுழலும் வேகமும் ஒன்றானால், அலையின் மின்புலம் ஒவ்வொரு சுற்றிலும் அதை ஒரே பக்கமாகத் தள்ளும். சிறு தள்ளல்கள் கூடிக் கூடிப் பெரிதாகும். இதை ஒத்ததிர்வு என்பார்கள். சில எலக்ட்ரான்கள் அலைக்கு ஆற்றலைக் கொடுத்து இளைக்கின்றன. வேறு சில, ஏற்கெனவே ஆற்றல் மிக்கவை, அலையிடமிருந்து வாங்கி மேலும் கொழுக்கின்றன. ஒளியின் வேகத்தை நெருங்கும் இந்த இரண்டாம் வகையைக் கொலைகார எலக்ட்ரான்கள் என்று செயற்கைக்கோள் பொறியாளர்கள் அழைப்பார்கள்.

பெயர் மிகையில்லை. ரமண நகர் வீட்டு மாடிகளில் இருக்கும் டிஷ் எல்லாம் பார்ப்பது பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை. அந்த உயரம், ஆற்றல்மிக்க துகள்கள் சிறைப்பட்டுச் சுற்றும் வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களில் வெளிவளையத்தின் ஓரத்துக்குள் விழுகிறது. அங்கே திரியும் ஆற்றல்மிக்க எலக்ட்ரான்கள் கலத்தின் சுவரைத் துளைத்து உள்ளே மின்காப்புப் பொருள்களில் சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் பொறி பறக்கும். 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் அனிக் இ1, அனிக் இ2 என்ற இரு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சில மணி நேர இடைவெளியில் நிலைகுலைந்தன. ஒன்றை அன்றே மீட்டுவிட்டார்கள்; மற்றொன்றுக்குப் பல மாதங்கள் ஆயின.

இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில் நீண்டகாலம் இரண்டு கட்சி இருந்தது. வெளியிலிருந்து உள்நோக்கி நகரும்போது வேகம் ஏறுகிறது என்றது ஒன்று. வளையத்துக்குள்ளேயே அலைகள் வேகம் ஏற்றுகின்றன என்றது இன்னொன்று. ஒரே பாதையில் முன்பின்னாகச் சுற்றிய வான் ஆலன் கலங்கள் 2012 அக்டோபரில் வந்த ஒரு காந்தப் புயலின்போது அளந்தன. வெளியிலிருந்து வந்திருந்தால் எலக்ட்ரான்கள் ஓரத்தில் மிகுந்து உள்ளே போகப்போகக் குறைய வேண்டும். அப்படி இல்லை, வளையத்தின் நடுவே குவிந்திருந்தன. பிறந்த இடம் அங்கேதான். அந்தக் குருவிக் கீச்சு அலைகளை வைத்துக் கணக்கிட்டபோது அளவும் பொருந்தியது. அளவீடு, கணக்கு இரண்டும் 2013இல் வெளிவந்தன. சிக்கல் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காந்தக் கோடுகள் ஒழுங்கான வில்லாக இல்லாமல் இழுபட்டுக் கிடக்கும் பகுதியில், பூமியிலிருந்து 1,60,000 கிலோமீட்டருக்கும் அப்பால், எம்எம்எஸ் கலங்களின் தரவில் இதே கீச்சுகளைக் கண்டதாகச் சீன விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2025இல் அறிவித்தது. அவ்வளவு தூரத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அலைகள் வளர்ப்பதோடு அழிக்கவும் செய்கின்றன. பூமிக்கு நெருங்கிய பகுதியில் ஓயாமல் 'ஸ்ஸ்' என்று இரையும் இன்னொரு வகை உண்டு. அது எலக்ட்ரான்களின் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் காற்று மண்டலத்துக்குள் கொட்டிவிடுகிறது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே எலக்ட்ரான்கள் அரிதான ஓர் இடைவெளி இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

பிற கோள்களிலும் இதே கதைதான், அளவுகள்தான் வேறு. புதனின் காந்தப்புலம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்கு. ஜப்பானின் மியோ கலம் 2021, 2022இல் புதனைக் கடந்தபோது கீச்சு அலைகளைப் பிடித்தது. விடியல் பக்கத்தில் மட்டும். அப்பிரதட்சிண விதி அங்கும் செல்லும் போலிருக்கிறது. வியாழனில் 1979 மார்ச்சில் வாயேஜர் 1 இறங்கும் விசில்களைக் கேட்டது. விசில் என்றால் மின்னல். வியாழனின் மேகங்களில் மின்னல் வெட்டுகிறது என்பதற்கு இது உறுதியான சான்றாக அமைந்தது. வாயேஜரின் அலைக்கருவிக் குழுவில் இருந்த அயோவா பல்கலைக்கழகத்தின் டான் கர்னெட், மாணவராக இருந்தபோதே 1962இல் ஏவப்பட்ட இன்ஜுன் 3 செயற்கைக்கோளுக்கு அலை வாங்கி கட்டியவர். 1996இல் கலிலியோ கலம் வியாழனின் நிலாவான கானிமீடை நெருங்கியபோது அலைக்கருவியின் பதிவு திடீரென்று குணம் மாறியது. காந்தமானியும் அதையே சொன்னது. ஒரு நிலாவுக்குச் சொந்தமாகக் காந்தமண்டலம் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. வேறெந்த நிலாவுக்கும் இதுவரை அப்படிக் கண்டதில்லை.

அலையை நம்பி ஏமாந்த இடமும் உண்டு. சனிக்கோள் வாயுக்கோளம் என்பதால் அது எவ்வளவு நேரத்தில் ஒரு சுற்று சுழல்கிறது என்று பார்த்துச் சொல்ல மேற்பரப்பில் அடையாளம் எதுவும் இல்லை. அதன் துருவப் பகுதிகளிலிருந்து கிளம்பும் ரேடியோ அலைகள் சீரான இடைவெளியில் ஏறி இறங்குவதை வாயேஜர் கண்டது. அதை வைத்து, சனியின் ஒரு நாள் 10 மணி 39 நிமிடம் 24 நொடி என்று பாடப்புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். 2004இல் காசினி விண்கலம் போய்க் கேட்டால் சுமார் 10 மணி 45 நிமிடம் என்றது. அவ்வளவு பெரிய கோள் இருபது வருடத்தில் ஆறு நிமிடம் தாமதிக்க முடியாது. வடபாதி ஒரு கணக்கும் தென்பாதி வேறு கணக்கும் சொல்வதாகவும் பிறகு தெரிந்தது. ரேடியோ அலை கோளின் உள்ளுடம்போடு பூட்டப்படவில்லை. வெளியே உள்ள பிளாஸ்மா அதை இழுத்தடிக்கிறது. கடைசியில் 2019இல், சனியின் வளையங்களில் தெரியும் நுண்ணிய சலனங்களை வைத்து 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று கணக்கிட்டார்கள்.

இந்தியாவின் பங்கு பெரும்பாலும் கோட்பாட்டிலும், பிறர் கலங்கள் தரும் தரவைப் படித்தெடுப்பதிலும் இருக்கிறது. அதற்கு மையம் நவி மும்பையில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம். 1841இல் மும்பை கொலாபாவில் தொடங்கிய காந்த ஆய்வகத்தின் வாரிசு அது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் காந்த நடுக்கோட்டருகே அதற்கு ஓர் ஆய்வுக்கூடமும் உண்டு. நிறுவனத்தின் பாரதி காக்கட், அமர் காக்கட் உள்ளிட்டோர் 2022இல் செவ்வாயைப் பற்றி ஒன்றைச் சொன்னார்கள். நாசாவின் மேவன் கலம் 2015 பிப்ரவரி 9 அன்று செவ்வாயைச் சுற்றிய ஐந்து சுற்றுகளின் மின்புலப் பதிவை அவர்கள் சலித்தார்கள். சுமார் 450 தனித்த துடிப்புகள் கிடைத்தன. தொடர்ந்து ஏறி இறங்கும் அலை இல்லை அவை. ஒரே ஒரு மேடு, உடனே ஒரு பள்ளம், ஒரு மில்லிநொடி அளவில் முடிந்துபோகும். எலக்ட்ரான்கள் குறைந்த ஒரு சிறு குமிழ் கலத்தைக் கடந்து விரையும்போது இத்தகைய பதிவு விழும்: வரும்போது மின்புலம் ஒரு பக்கம், போகும்போது எதிர்ப்பக்கம். பூமியருகே இவை முன்பே தெரிந்தவை. செவ்வாயில், 1,000 முதல் 3,500 கிலோமீட்டர் உயரத்தில், விடியல் பக்கத்திலும் பிற்பகல்-அந்தி பக்கத்திலும் இருப்பது புதிது. செவ்வாய்க்குப் பூமியைப் போலக் கோள் முழுதுக்குமான காந்தப்புலம் கிடையாது; சூரியக் காற்று நேராக வந்து மோதி உண்டாக்கும் மெல்லிய காந்தமண்டலம்தான். அப்படியிருந்தும் துடிப்புகள் எழுகின்றன. செவ்வாயின் காற்று எப்படிப் படிப்படியாக விண்வெளிக்குத் தப்பிப் போனது என்பதைக் கண்டறியத்தான் மேவன் போனது. அயனிகளை உதைத்து வெளியேற்றுவதில் இந்தத் துடிப்புகளுக்கு எவ்வளவு பங்கு என்பது அடுத்த கேள்வி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மேவன் செவ்வாயை அடைந்த அதே 2014 செப்டம்பர் வாரத்தில் நம் மங்கள்யானும் அடைந்தது. அதில் ஐந்து கருவிகள் இருந்தன. அலை கேட்கும் கருவி ஒன்றுகூட இல்லை. குறைந்த செலவில், முதல் முயற்சியில் போய்ச்சேர்ந்த கலத்திடம் அதையும் கேட்பது நியாயமில்லைதான். ஆனால் நூறு மீட்டர் கம்பி, சுத்தமான கலம், அவசரமில்லாத தரவிறக்கம் என்று இந்த வேலை கேட்கும் பொறுமையை இனியாவது நாம் திட்டத்திலேயே சேர்த்தாக வேண்டும். பிறர் தரவு இலவசமாகக் கிடைக்கிறது என்பது உண்மை. எந்தக் கணத்தைப் பதிவு செய்வது என்று முடிவு செய்யும் உரிமை அதோடு வருவதில்லை.

வாய்ப்பு ஒன்று வருகிறது. வெள்ளிக்கோளுக்கு இந்தியா அனுப்பவிருக்கும் சுற்றுகலத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. ஏவுவதற்கு 2028 மார்ச் என்று குறித்திருக்கிறார்கள். மின்னலையும் பிளாஸ்மா அலைகளையும் ஆராயும் கருவி ஒன்று அதன் பட்டியலில் இருக்கிறது. வெள்ளியில் மின்னல் உண்டா என்ற சண்டை 1978இலிருந்து நடக்கிறது. பயோனியர் வீனஸ் கலம் விசில்போன்ற அலைகளைக் கேட்டதும், மின்னல்தான் என்றார்கள் ஒரு சாரார். 2021 பிப்ரவரியில் பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம் வெள்ளியைக் கடந்து போகும்போது அதே வகை அலைகளைப் பிடித்தது. அதை அலசிய கொலராடோ குழு 2023இல் வெளியிட்ட முடிவு எதிராக இருந்தது: மின்னலிலிருந்து கிளம்பியிருந்தால் அலை கோளை விட்டு வெளியே போக வேண்டும், இவை கோளை நோக்கி உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு கடப்பில் கிடைத்த பதிவை வைத்து வழக்கை மூடிவிட முடியாது. கோளைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு கலம், ஆயிரக்கணக்கான விசில்களுக்குத் திசையும் சேர்த்துப் பதிந்து தந்தால் தீர்ப்பு சொல்லலாம்.